சிறிய படம், பெரிய பொறுப்பு

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூரின் முதல் துணை நகரம். 1953ஆம் ஆண்டு எலிசபெத் அரசியார் முடிசூடிக்கொண்டதை ஒட்டி அதற்கு அந்தப் பெயர் வந்தது. 1960களில் அங்குள்ள மார்கரெட் டிரைவில் கோல்டன் சிட்டி, வீனஸ் என்னும் இரண்டு திரையரங்குகள் அருகருகே இருந்தன. அக்காலத்தில் சிங்கப்பூர்த் திரையரங்குகளின் முகப்பில் ஓவியர்கள் கையால் தீட்டிய பெரிய விளம்பரப் பலகைகள் நிற்பது வழக்கம். பேருந்தில் கடந்துசெல்பவர் ஒரு பலகையைச் சில நொடிகளே பார்ப்பார். அதற்குள், ஓடுவது சண்டைப் படமா, குடும்பக் கதையா, பேய்ப் படமா என்று அவருக்குப் புரிந்துவிட வேண்டும். புரிந்தால்தான் அவர் சனிக்கிழமை மாலை நுழைவுச்சீட்டு வாங்க வருவார்.

இன்று அதே குவீன்ஸ்டவுன் வட்டாரத்தின் ஒரு பகுதியாக ஒன்-நார்த் வளாகம் விளங்குகிறது. உலகப் புகழ்பெற்ற சில கணினி விளையாட்டு நிறுவனங்கள் அங்கே இயங்குகின்றன. பிரான்ஸைச் சேர்ந்த யூபிசாஃப்ட் நிறுவனம் 2008இல் சிங்கப்பூரில் தன் கூடத்தைத் தொடங்கியது. ‘ஃப்ரீ ஃபயர்’ விளையாட்டை வெளியிடும் கரீனாவின் தலைமையகமும் ஒன்-நார்த்தில்தான் உள்ளது. அருகே, ஆயர் ராஜா கிரசெண்டில், இடிக்கப்படவிருந்த பழைய தொழிற்கூடக் கட்டடம் ஒன்று 2011இல் இளம் தொழில்முனைவர்களின் இடமாக மாறியது. அதுவே புகழ்பெற்ற 71ஆம் புளோக்.

விளையாட்டுகள் இப்போது இணையக் கடைகளில் விற்கப்படுகின்றன. திரையரங்கின் பெரிய பலகை செய்த வேலையை அங்கே பெருவிரல் அளவுள்ள ஒரு சிறிய படம் செய்கிறது. அதனை இக்கட்டுரையில் ‘முகப்புப் படம்’ என்று அழைப்போம். அந்தப் படத்தை எப்படி வடிவமைக்கிறார்கள்? ஒரு சிறிய படத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்?

கூட்டத்தில் ஒருவர்

கணினி விளையாட்டுகளை உருவாக்குவோரில் இரு வகையினர் உண்டு. நூற்றுக்கணக்கான ஊழியர்களையும் பெரும் விளம்பரப் பணத்தையும் கொண்ட நிறுவனங்கள் ஒரு வகை. இரண்டு அல்லது மூன்று நண்பர்கள் தங்கள் சேமிப்பைப் போட்டுத் தாங்களே உருவாக்குவது இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையைச் ‘சுயாதீன விளையாட்டு’ அல்லது ‘இண்டி விளையாட்டு’ என்பார்கள்.

பெரிய நிறுவனத்தின் விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே மக்கள் அதன் பெயரை அறிந்திருப்பார்கள். தொலைக்காட்சி, பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம் என எங்கும் அதன் விளம்பரம் இருக்கும். சுயாதீன விளையாட்டுக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலோர் அதனை முதன்முதலில் சந்திப்பது கடைப் பக்கத்தில், மற்ற விளையாட்டுகளின் நடுவில்தான்.

அந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது தெரியுமா? கணினி விளையாட்டுகளுக்கான இணையக் கடைகளில் மிகவும் பெயர்பெற்றது ‘ஸ்டீம்’. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் அதனை 2003இல் தொடங்கியது. 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் அந்தக் கடையில் வெளியாயின. அதாவது, நாள்தோறும் ஏறத்தாழ 50 புதிய விளையாட்டுகள்! தேக்காச் சந்தையில் ஒரே நாளில் 50 புதிய கடைகள் திறந்தால் நீங்கள் எத்தனை கடைகளுக்குள் நுழைந்து பார்ப்பீர்கள்?

மூன்று ஆண்டுகள் பாடுபட்டு ஒரு குழு நல்லதொரு விளையாட்டை உருவாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இசை இனிமையாக இருக்கிறது. கதை மனத்தைத் தொடுகிறது. ஆனால், முகப்புப் படம் மங்கலாக இருக்கிறது. மக்கள் அதனைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். அவர்கள் விளையாட்டை வெறுக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதையே கவனிக்கவில்லை. விற்பனை இல்லாவிட்டால் அந்தக் குழு அடுத்த விளையாட்டை உருவாக்க இயலாமல் கலைந்துபோகலாம். சிறிய படத்துக்குப் பெரிய பொறுப்பு இருக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

எவ்வளவு சிறியது?

திரையில் தெரியும் படங்கள் யாவும் ‘பிக்சல்’ எனப்படும் நுண்ணிய புள்ளிகளால் ஆனவை. ஸ்டீம் கடை ஒரே விளையாட்டுக்குப் பல அளவுகளில் படம் கேட்கிறது. விளையாட்டின் பக்கத்தில் தலைப்பாக வரும் படம் 920 பிக்சல் அகலமும் 430 பிக்சல் உயரமும் கொண்டது. சில இடங்களில் படம் நெட்டையாக, புத்தக அட்டைபோல் தோன்றும். தேடல் பட்டியல்களில் வருவது மிகச் சிறியது. சில பட்டியல்களில் அது 120 பிக்சல் அகலம், 45 பிக்சல் உயரம் என்னும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

திறன்பேசிச் செயலிகளுக்கான கடைகளில் படம் சதுர வடிவில் இருக்கும். ஆப்பிள் கடைக்கு 1,024 பிக்சல், கூகல் பிளே கடைக்கு 512 பிக்சல் பக்க அளவுள்ள சதுரப் படங்களை அனுப்ப வேண்டும். அனுப்பும்போது படம் பெரியது. பயனர் பார்க்கும்போதோ அது ஒரு வெள்ளிக்காசின் அளவில்தான் இருக்கும்.

வடிவமைப்பாளர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இதுவே. அவர்கள் பெரிய திரையில் படத்தை வரைகிறார்கள். கதாபாத்திரத்தின் சட்டைப் பொத்தான்கள்கூட அதில் தெளிவாகத் தெரிகின்றன. கடைக்குப் போனதும் பொத்தான் மட்டுமன்றி முகமும் காணாமல் போய்விடுகிறது. ஆகவே, நல்ல வடிவமைப்பாளர் சிறிய அளவிலிருந்து தொடங்குகிறார். பெருவிரல் அளவுக் கட்டங்களைத் தாளில் வரைந்து, அவற்றில் பத்து, பதினைந்து முன்வரைவுகளைத் தீட்டிப் பார்க்கிறார். அவற்றில் எது சட்டென்று புரிகிறதோ, அதனைத்தான் பெரிதாக்கி நுணுக்கமாக வரைகிறார்.

ஒரு கற்பனை விளையாட்டு

இதனை விளங்கிக்கொள்ள ஒரு கற்பனை விளையாட்டை எடுத்துக்கொள்வோம். குவீன்ஸ்டவுன் பொது நூலகம் 1970இல் திறக்கப்பட்டது. அதுவே சிங்கப்பூரின் முதல் முழுநேரக் கிளை நூலகம். நள்ளிரவில் அந்த நூலகத்தின் புத்தகங்களிலிருந்து எழுத்துகள் தப்பி ஓடுகின்றன. ஒரு மின்மினிப்பூச்சி தன் சிறு வெளிச்சத்தைக் கொண்டு அலமாரிகளுக்கிடையே பறந்து, அவற்றைத் தேடிப் பிடித்து, விடிவதற்குள் உரிய பக்கங்களில் சேர்க்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நால்வர் இந்த விளையாட்டை உருவாக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களின் முதல் முகப்புப் படம் இப்படி இருக்கிறது: நூலகக் கட்டடம், வானில் நிலா, ஆறு அலமாரிகள், நூற்றுக்கணக்கான புத்தகங்கள், பறக்கும் இருபது எழுத்துகள், ஒரு மூலையில் மின்மினி. மேலே மெல்லிய எழுத்துகளில் ‘நள்ளிரவு நூலகத்தில் தொலைந்த எழுத்துகளைத் தேடி’ என்னும் தலைப்பு. விளையாட்டில் உள்ள எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்னும் ஆசையே அந்தப் படத்தை நிறைத்திருக்கிறது.

அதனை 120 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் என்ன ஆகும்? புத்தகங்கள் பழுப்புக் கோடுகளாகும். எழுத்துகள் தூசியாகும். மின்மினி ஒரே ஒரு புள்ளியாகும். தலைப்பை யாராலும் படிக்க முடியாது.

இரண்டாம் முறை அவர்கள் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள்: “ஒன்றே ஒன்றைத்தான் காட்டலாம் என்றால் எதனைக் காட்டுவோம்?” விடை எளிது. மின்மினியைத்தான் காட்ட வேண்டும். விளையாட்டுக்குள் அது மிகச் சிறிய பூச்சி. முகப்புப் படத்திலோ அது படத்தின் பாதியை நிறைக்கலாம். பெரிய கண்களோடு, வால்முனையில் ஒளியோடு, முன்னங்கால்களில் ‘ழ’ என்னும் ஓர் எழுத்தை இறுகப் பற்றியிருக்கிறது. பின்னால் இருட்டில் ஓர் அலமாரியின் விளிம்பு மட்டும் தெரிகிறது. தலைப்பு ‘மின்மினி’ என்று சுருங்குகிறது.

முதல் படத்தில் எல்லாம் இருந்தன. ஆனால், எதுவும் தெரியவில்லை. இரண்டாம் படத்தில் மூன்றே பொருள்கள் உள்ளன. அவை மூன்றும் தெரிகின்றன. ‘இந்தப் பூச்சி ஏன் ஓர் எழுத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது?’ என்னும் கேள்வியும் பார்ப்பவர் மனத்தில் எழுகிறது. அந்தக் கேள்வியே அவரைப் படத்தைத் தொட வைக்கும்.

ஒளியும் நிறமும்

நம் கண் ஒரு படத்தைப் பார்க்கும்போது, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தைத்தான் முதலில் நாடுகிறது. எனவே, முதன்மையான பொருள் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். பின்னணி இருண்டிருந்தால் பொருள் ஒளிர வேண்டும். பின்னணி வெளிறியிருந்தால் பொருள் அடர்ந்திருக்க வேண்டும்.

மின்மினி விளையாட்டுக்கு அடர்நீலப் பின்னணியும் மஞ்சள் ஒளியும் மிகப் பொருத்தம். நிறச்சக்கரத்தில் நீலத்துக்கு எதிர்த்திசையில் ஆரஞ்சும் மஞ்சளும் இருக்கின்றன. எதிரெதிர் நிறங்கள் அருகருகே வந்தால் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். தீபாவளி சமயத்தில் சிராங்கூன் சாலையின் அலங்கார விளக்குகளை இரவில் பார்த்திருப்பீர்கள். கருநீல வானத்தின் முன் மஞ்சள் விளக்குகள் அவ்வளவு எடுப்பாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

நிறத்தை மட்டும் நம்பியிருப்பதும் தவறு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சிவப்புப் பின்னணியில் பச்சை உருவத்தை வரைந்தால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரியலாம். இதனைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் உருவம் பிரிந்து தெரிந்தால் படம் தேறிவிட்டது.

உருவத்தின் வெளிக்கோடும் முக்கியம். படத்தில் உள்ள கதாபாத்திரத்தை முழுவதும் கறுப்பாக நிரப்பி, நிழலுருவமாக ஆக்கிப் பாருங்கள். அது யார், என்ன செய்கிறார் என்பது அந்த நிழலிலேயே தெரிய வேண்டும். கைகளை உடலோடு ஒட்டி வைத்து நேராக நிற்கும் உருவத்தின் நிழல் ஒரு தூணைப் போல இருக்கும். தாவும் உருவம், கையை உயர்த்திய உருவம், வளைந்த வால் போன்றவற்றின் நிழல்கள் தனித்துத் தெரியும்.

தலைப்பை எழுதும் கலை

முகப்புப் படத்தில் விளையாட்டின் பெயர் படிக்கும்படி இருக்க வேண்டும். மிகச் சிறிய பட்டியல் படத்தில் பெயரே ஏறத்தாழ முழு இடத்தையும் நிரப்பினாலும் தவறில்லை. பெயர் குறுகியதாக இருந்தால் எழுத்துகளைப் பெரிதாக எழுதலாம். மெல்லிய, கொடிபோல் நெளியும் எழுத்து வடிவங்கள் அழகாக இருக்கலாம். சுருங்கினால் அவை அறுந்த நூல்போல் ஆகிவிடும்.

தமிழில் தலைப்பு எழுதுவோர் கூடுதலாகச் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ போன்றவற்றை மிகத் தடித்த கோட்டில் எழுதினால், சுருங்கும்போது சுழியின் உள்வெளி அடைபட்டு, எழுத்து ஒரு கரும்புள்ளியாகிவிடும். கோடு தடிப்பாக இருக்கலாம். ஆனால், சுழிகளின் உட்புறம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும்.

அடுத்தது புள்ளி. ‘மின்மினி’ என்னும் பெயரில் இரண்டாம் எழுத்துக்குப் புள்ளி உண்டு. படம் சுருங்கும்போது முதலில் மறைவது அந்தப் புள்ளிதான். மறைந்தால் ‘மினமினி’ என்றாகிவிடும். அதனால், வடிவமைப்பாளர் அந்தப் புள்ளியைச் சற்றுப் பெரிதாக வைக்கலாம். இந்த விளையாட்டில் இன்னும் அழகான வழி ஒன்று இருக்கிறது. அந்தப் புள்ளியையே ஒளிரும் மின்மினியாக வரைந்துவிடலாம்! தேவையும் அழகும் ஒன்றாகச் சேரும் இடம் அது.

தமிழ் எழுத்துகளில் ‘இ’, ‘ஈ’ ஆகியவற்றின் குறியீடுகள் மேலே வளைகின்றன. ‘உ’, ‘ஊ’ ஆகியவற்றின் குறியீடுகள் பெரும்பாலும் கீழே இறங்குகின்றன. எனவே, தலைப்பின் மேலும் கீழும் போதிய இடம் விட வேண்டும். எழுத்தின் வளைவைப் படத்தின் விளிம்பு வெட்டிவிடக்கூடாது.

படம் தரும் வாக்குறுதி

முகப்புப் படம் கண்ணைக் கவர்ந்தால் மட்டும் போதாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் அது சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் ‘த ஜென்டல்புரோஸ்’ என்னும் சிறு குழு 2017இல் ‘கேட் குவெஸ்ட்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. பூனைகள் வாழும் உலகில் ஒரு பூனை வீரன் மேற்கொள்ளும் சாகசப் பயணமே அதன் கதை. பெயரில் பூனை, படத்திலும் பூனை, அதன் கையில் வாள். விளையாட்டு எத்தகையது என்பதை அறிய வேறு விளக்கம் தேவைப்படவில்லை. 2019இல் வந்த இரண்டாம் பாகத்தில் பூனையும் நாயும் இணைந்து பயணம் செய்கின்றன. 2024இல் வந்த மூன்றாம் பாகத்தில் பூனை, கடற்கொள்ளையர் உலகில் கப்பலேறுகிறது. ஒவ்வொரு முறையும் பின்னணி மாறினாலும், விளையாடியவர்கள் பூனையைப் பார்த்ததும் அது பழைய நண்பன் என்று அறிந்துகொள்ள முடிகிறது.

சிங்கப்பூரில் உருவான ‘சைனாடவுன் டிடெக்டிவ் ஏஜென்சி’ வேறு வகையைச் சேர்ந்தது. 2022இல் வெளிவந்த அந்தத் துப்பறியும் விளையாட்டு, 2037ஆம் ஆண்டின் சிங்கப்பூரில் நடக்கிறது. பழைய கணினி விளையாட்டுகளை நினைவூட்டும் கட்டம் கட்டமான ஓவியப் பாணியில் அது அமைந்தது. அத்தகைய விளையாட்டுக்குக் ‘கேட் குவெஸ்ட்’ போன்ற குறும்பான படம் பொருந்துமா? பொருந்தாது. துப்பறியும் கதையை விரும்புபவர் அதனைத் தாண்டிச் செல்வார். பூனைச் சாகசத்தை விரும்புபவர் உள்ளே வந்து ஏமாறுவார்.

தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றிய விளையாட்டும் உலகப் புகழ் பெற்றிருக்கிறது. கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் குழு 2023இல் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் பெண், அவருடைய கணவர், மகன் ஆகியோரின் கதை அது. இட்லி முதலிய உணவுகளைச் சமைப்பதே அதில் விளையாடும் முறை. அதில் எதிரிகளும் இல்லை, போரும் இல்லை. அதன் வலிமை, குடும்பத்தின் அன்பும் சமையலறையின் மணமும்தான். அத்தகைய விளையாட்டின் படம் வெதுவெதுப்பான நிறங்களால் பேச வேண்டுமே தவிர, வாளாலும் தீயாலும் பேசக்கூடாது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாக ‘வெண்பா’ தேர்ந்தெடுக்கப்பட்டது.

நேர்மையே நீடிக்கும்

“பரபரப்பான படம் வைத்தால் அதிகம் பேர் வருவார்களே! உள்ளே இல்லாததைக் காட்டினால் என்ன?” என்று சிலர் நினைக்கலாம். மின்மினி விளையாட்டின் படத்தில் தீ கக்கும் டிராகனை வரைந்தால் பலர் உள்ளே வரக்கூடும். ஆனால், அவர்கள் சண்டையை எதிர்பார்த்து வருகிறார்கள். எழுத்துகளைத் தேடும் அமைதியான விளையாட்டைக் கண்டதும் ஏமாற்றம் அடைவார்கள். ஸ்டீம் கடையில் வாங்கிய 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அவர்கள் பணத்தைத் திரும்பப் பெறுவதோடு, குறைகூறிக் கருத்தும் எழுதுவார்கள். அந்தக் கருத்துகளைப் படிப்பவர்களில், அமைதியான விளையாட்டை உண்மையிலேயே விரும்புபவர்களும் இருப்பார்கள். அவர்களும் விலகிப் போய்விடுவார்கள்.

கடைகளும் சில விதிகளை வகுத்திருக்கின்றன. 2022 செப்டம்பர் முதல், ஸ்டீம் கடையின் முகப்புப் படங்களில் விளையாட்டின் பெயரையும் அதன் துணைத்தலைப்பையும் தவிர வேறு சொற்களைச் சேர்க்க அனுமதி இல்லை. விருதுகளின் பெயர், விமர்சகர் தந்த மதிப்பெண், ‘பாதி விலை’ போன்ற அறிவிப்புகள் எவையும் இடம்பெறக்கூடாது. கூகல் பிளே கடையும் செயலியின் படத்தில் ‘முதலிடம்’ போன்ற தரவரிசைச் சொற்களையும் தள்ளுபடி விவரங்களையும் தடுக்கிறது. இந்த விதிகளால் எல்லாருக்கும் நன்மை உண்டு. கடையில் கூச்சல் குறைகிறது. சத்தம் போட்டு அழைக்க முடியாததால், படமே பேச வேண்டியிருக்கிறது.

இன்னொரு நேர்மையும் தேவை. இணையத்தில் கண்ட ஓவியத்தை எடுத்து ஒட்டுவது, அதனை வரைந்தவரின் உழைப்பைத் திருடுவதாகும். சொந்தமாக வரைய வேண்டும். அல்லது, ஓவியர் ஒருவரிடம் ஒப்புதல் பெற்று, உரிய ஊதியமும் தர வேண்டும்.

வெளியிடும் முன் ஒரு சோதனை

படம் வரைந்து முடிந்துவிட்டது. அது நல்ல படமா என்று எப்படி அறிவது? வீட்டில் காட்டினால் அம்மாவும் பாட்டியும் “அருமை!” என்பார்கள். அது அன்பின் சொல். சோதனையின் முடிவு அன்று. அனுபவமுள்ள வடிவமைப்பாளர்கள் வேறு சில வழிகளைக் கையாளுகிறார்கள்.

முதலாவது, தூரச் சோதனை. படத்தைப் பெருவிரல் அளவுக்குச் சுருக்கித் திரையில் வைத்துவிட்டு, இரண்டு மூன்று அடி பின்னால் நகர்ந்து, கண்களைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் முதன்மையான உருவம் தெரிகிறதா?

இரண்டாவது, கூட்டச் சோதனை. கடைப் பக்கத்தைப் படம்பிடித்து, அதிலுள்ள மற்ற விளையாட்டுகளின் நடுவே உங்கள் படத்தை ஒட்டிப் பாருங்கள். தனியாக இருக்கும்போது எடுப்பாகத் தெரிந்த படம் கூட்டத்தில் மறைந்துபோகலாம். உங்கள் விளையாட்டைப் போன்றவை எல்லாம் நீல நிறத்தில் இருந்தால், அடர்நீலத்தை மட்டும் நம்ப முடியாது. மஞ்சள் ஒளியின் பரப்பை இன்னும் கூட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, அந்நியர் சோதனை. விளையாட்டைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் படத்தை இரண்டு நொடிகள் மட்டும் காட்டி, மறைத்துவிடுங்கள். பிறகு, “படம் நன்றாக இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். “இது எந்த மாதிரி விளையாட்டு என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். “ஏதோ ஒரு பூச்சி, இருட்டில் எழுத்துகளைச் சேகரிக்கிறது” என்று அவர் சொன்னால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. “விண்வெளிச் சண்டையா?” என்று அவர் கேட்டால், அவரைத் திருத்த முயலாதீர்கள். படத்தைத் திருத்துங்கள். ஏனெனில், கடையில் உங்கள் படத்தின் அருகே நின்று விளக்கம் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

வெளியிட்ட பிறகும் கற்றுக்கொள்ளலாம். படம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைத் தொட்டு உள்ளே வந்தார்கள் என்னும் விவரங்களைக் கடை, உருவாக்குநருக்குத் தருகிறது. எடுத்துக்காட்டாக, 1,000 முறை காட்டப்பட்ட படத்தை 20 பேர் தொட்டால் அது 2 விழுக்காடு. படத்தை மாற்றிய பிறகு 40 பேர் தொட்டால் 4 விழுக்காடு. கூகல் பிளே கடையில், பயனர்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு படத்தையும் மற்றவர்களுக்கு வேறொரு படத்தையும் காட்டி ஒப்பிடும் வசதியும் இருக்கிறது. ஆயினும், எண்ணிக்கை கூடியதை மட்டும் பார்த்து மகிழக்கூடாது. உள்ளே வந்தவர்கள் தங்கி விளையாடினார்களா, உடனே திரும்பிச் சென்றார்களா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வந்தவர் எல்லாரும் திரும்பிவிட்டால், படம் தவறான வாக்குறுதியைத் தந்திருக்கிறது என்று பொருள்.

உங்கள் கையிலும் இந்தக் கலை

கணினி விளையாட்டு உருவாக்குவோருக்கு மட்டும் உரிய திறன் அன்று இது. ஏப்ரல் மாதத்தில் தமிழ்மொழி விழாவை ஒட்டி உங்கள் பள்ளியில் நாடகம் அல்லது சொற்போர் நடக்கலாம். அதற்கான சுவரொட்டியை வரையும் பொறுப்பு உங்களிடம் வரலாம். அந்தச் சுவரொட்டியை இப்போது பலர் முதலில் காண்பது சுவரில் அன்று. நண்பர் அனுப்பும் குறுஞ்செய்தியில், பெருவிரல் அளவில்தான். நிகழ்ச்சி நிரல், சிறப்பு விருந்தினர் பெயர், ஆதரவாளர்களின் சின்னங்கள், அறுசுவை உணவின் படம் என எல்லாவற்றையும் அதில் அடைத்தால் எதுவும் தெரியாது. ஓர் உருவம், ஒரு தலைப்பு, ஒரு நாள், ஓர் இடம் ஆகியவை தெளிவாக இருந்தால் போதும். மற்ற விவரங்களை அதனைத் தொட்டுத் திறந்த பிறகு படித்துக்கொள்ளலாம்.

எதனைச் சேர்ப்பது என்று முடிவுசெய்வது எளிது. எதனை விடுவது என்று முடிவுசெய்வதற்குத்தான் துணிவு வேண்டும். நாம் விரும்பி வரைந்த அலமாரியையும் நிலாவையும் எடுத்துவிட மனம் எளிதில் இடம் தராது. ஆயினும், பார்ப்பவர் நமக்காக ஒதுக்குவது ஓரிரு நொடிகளே. அந்த நேரத்தை மதித்து, நம் படைப்பின் உயிரான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனை உண்மையாகக் காட்ட வேண்டும். அப்படிச் செய்தால், பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ஒன்று அதற்குரிய மனிதர்களைச் சென்றடையும்.